ஆறு வாக்குகள்: 1999 ஏப்ரலும் 356-ஆம் பிரிவும்

1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்ற கணக்கில் வீழ்ந்ததைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அந்த ஒற்றை வாக்கைத் தேடியே செல்கின்றன. ஒடிசா முதல்வரான பின்னும் மக்களவை உறுப்பினராக நீடித்த கிரிதர் கமாங் வாக்களித்தது முறைதானா, கட்சிக் கட்டளையை மீறிய சைபுதீன் சோஸின் நோக்கம் என்ன என்பவையே அவை எழுப்பும் கேள்விகள். அரசுக்குக் கிடைத்த 269-இல் திமுகவின் ஆறும் அடக்கம். அதற்கு மத்திய அமைச்சரவை ஆசையே காரணம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். வாக்கிலிருந்து நோக்கத்தை ஊகிப்பதில் இடர் உண்டு. ஆயினும் அந்த ஆறு வாக்குகளும் டெல்லியில் இடம் தேடிப் போடப்பட்டவை அல்ல, சென்னையில் ஆட்சியைக் காக்கப் போடப்பட்டவை என்றே கருதுகிறேன்.

ஆதரவை விலக்கிக்கொண்ட அதிமுக, 1998 கோவைக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் சட்டம் ஒழுங்கைக் காட்டி அரசியலமைப்பின் 356-ஆம் பிரிவின் கீழ்த் திமுக அரசைக் கலைக்கச் சொல்லி ஓராண்டாக வற்புறுத்தி வந்தது. வாஜ்பாய் இணங்கவில்லை. இதற்கு முன் 1976, 1991 என இருமுறை திமுக ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. 1991-இல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் கலைப்பு நிற்கவில்லை. மாநில அரசுகளைக் கலைக்கும் அதிகாரத்துக்கு வரம்பு விதித்த 1994-இன் பொம்மை தீர்ப்புக்குப் பிறகு அந்த அச்சத்துக்கு இடமில்லை என்று வாதிடலாம். ஆனால் தீர்ப்பு வந்து ஐந்தாண்டு கழித்து, 1999 பிப்ரவரியில், பீகாரில் ராப்ரி தேவி அரசு கலைக்கப்பட்டதே! குடியரசுத் தலைவர் ஆட்சிப் பிரகடனத்துக்கு மக்களவை ஒப்புதல் தந்தது. மாநிலங்களவையில் ஆளுங்கூட்டணிக்குப் பெரும்பான்மை இல்லை, காங்கிரஸும் எதிர்த்தது. எனவே மார்ச் 8 அன்று அந்தப் பிரகடனம் திரும்பப் பெறப்பட்டது. அந்த அரசை மீட்டது மேலவைக் கணக்கு. பாஜக மனம் மாறினாலும் அதனால் ஒரு மாநில அரசைக் கலைத்து நிலைநிறுத்த முடியாது என்பது, நம்பிக்கை வாக்கெடுப்புக்கு நாற்பது நாட்களுக்கு முன்பே ஊரறியத் தெரிந்துவிட்டது. அதிமுகவின் தயவில் காங்கிரஸ் அமைக்கக்கூடிய அரசுக்கோ அந்தத் தடை அதே வலுவோடு இருந்திருக்காது. பீகாரில் தடுத்து நின்ற கட்சியே அப்போது ஆளுங்கட்சியாகியிருக்கும்.

இடதுசாரிகள் விட்டிருக்க மாட்டார்கள் என்பது வலுவான மறுப்பு. 356-ஐ அவர்கள் கொள்கையளவில் எதிர்த்தவர்கள். இருந்தும் அது பிறர் உறுதியைச் சார்ந்த பாதுகாப்பு. பாஜகவின் இயலாமையோ கண்முன் நிரூபணமானது. இருமுறை ஆட்சியை இழந்த கருணாநிதி இரண்டாவதைத் தேர்ந்தது வியப்பல்ல. கொள்கையைக் கைவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவரை மதிப்பிட உதவலாம், விளக்க உதவாது. அக்டோபரில் முரசொலி மாறன் அமைச்சரானதை வைத்து ஏப்ரல் வாக்கை விளக்குவதும் பொருந்தாது. ஏப்ரலில் இடைக்காலத் தேர்தலா, மாற்று அரசா என்பதே தெளிவாகவில்லை. 272 பேர் ஆதரவு உண்டு என்று சோனியா காந்தி உரிமை கோரியதும், முலாயம் சிங் மறுத்ததால் அது கைகூடாமல் போனதும், ஏப்ரல் 26-இல் மக்களவை கலைந்ததும் எல்லாம் வாக்கெடுப்புக்குப் பிந்தியவை.

தமிழ் மாநில காங்கிரஸ் இங்கே நல்ல ஒப்பீடு. திமுகவோடு சேர்ந்து 1996, 1998 தேர்தல்களைச் சந்தித்த அக்கட்சி, மாநில அமைச்சரவையில் இடம்பெறவில்லை. பாஜக மீதான கருத்தில் இரு கட்சிகளுக்கும் அதுவரை பெரிய வேறுபாடும் இல்லை. ஏப்ரல் 17 அன்று அதன் தலைவர் மூப்பனாரின் மூன்று உறுப்பினர்களும் அரசை எதிர்த்தே வாக்களித்தார்கள்.