லேப்டாப்பும் மண்வெட்டியும்: ஊரிலிருந்தே ஐடி வேலை, கூடவே தோட்டம் சாத்தியமா? கவனிக்க வேண்டியவை என்ன?

"வேலைய விட வேணாம். ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிட்டு, தோட்டத்தப் பாத்துக்கிட்டே கம்ப்யூட்டர்ல வேலை பாக்கலாம்." கொரோனா ஊரடங்குக்குப் பிறகு ஐடி ஊழியர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கிராமத்திலிருந்து மென்பொருள் வேலை செய்வது புதிதல்ல. ஜோஹோ நிறுவனம் 2011-லேயே தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. ஆனால் அதோடு விவசாயமும் சேரும்போது கணக்கு மாறுகிறது. பலரும் கையில் இருக்கும் பணத்தைப் பார்த்து நிலம் வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது கையில் இருக்கும் நேரத்தை.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்?

காலை 9 மணிக்கு லாகின் என்றால், 6 மணி முதல் 8.30 வரை தோட்டத்தில் நிற்கலாம். 5 நாளுக்கு பன்னிரண்டரை மணி நேரம். சனி, ஞாயிறு தலா 5 மணி நேரம் சேர்த்தால், வாரத்துக்கு சுமார் 22 மணி நேரம். அவ்வளவுதான்.

ஒரு கறவை மாட்டுக்கு காலை, மாலை தலா ஒரு மணி நேரம் என்று வைத்தாலே வாரத்துக்கு 14 மணி நேரம் போய்விடும். முக்கியமான மீட்டிங் இருக்கு என்று மாட்டிடம் சொல்ல முடியாது!

எந்த ஷிஃப்ட் என்பதும் முக்கியம். பிரிட்டன் நிறுவனங்களுக்கு வேலை செய்தால், அங்கே காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. காலை முழுவதும் தோட்டத்துக்குக் கிடைக்கும். அமெரிக்காவின் நியூயார்க் நேரம் என்றால் அதே 9 மணி நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. பகலில் வயல், இரவில் வேலை என்று இறங்கினால் தூக்கம் கெடும்.

எதை வளர்க்கலாம்?

ஒரு வாரம் தள்ளிப்போனாலும் தாங்கக்கூடிய பயிர்களே வேலையோடு ஒத்துப்போகும். நெல்லில் நடவு, களை, அறுவடை எதையும் தள்ளிப்போட முடியாது; ஆள் கிடைக்கும் நாளில் நீங்கள் வயலில் இருக்க வேண்டும். தென்னைக்கு அந்த நெருக்கடி குறைவு. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 70 கன்றுகள் வைக்கலாம். ஆனால் நெட்டை ரகம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்-1 செடிமுருங்கை, விதைத்த சுமார் 6 மாதத்தில் காய்ப்புக்கு வரும்.

வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் 10 சென்ட் போதும். கீரை, கத்தரி, வெண்டை, நான்கைந்து நாட்டுக்கோழி என்று தொடங்கலாம்.

நெட், கரண்ட், தண்ணீர்

நிலம் பார்க்கும்போது கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பவர்கள், ஃபைபர் இணைப்பு அந்தத் தெரு வரை வருகிறதா என்று கேட்பதில்லை. ஒரு ஃபைபர் இணைப்பு, வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று, ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் யுபிஎஸ் ஆகிய மூன்றும் அவசியம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் அன்றே சரிசெய்ய ஆள் வருவார் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் விவசாய பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் உண்டு. அந்த இணைப்பிலிருந்து வீட்டுக்கோ கம்ப்யூட்டருக்கோ வயர் இழுப்பது விதிமீறல். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள். ஐப்பசியில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. விவரங்களுக்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம்.

வரி: பலரும் தவறாக நினைக்கும் இடம்

விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பது உண்மை. ஆனால் சம்பளம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டி, நிகர விவசாய வருமானமும் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால், சம்பளத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்ப்பார்கள். பால், முட்டை விற்ற வருமானம் விவசாய வருமானம் ஆகாது. அதற்கு வரி உண்டு. தோட்டத்தில் வந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தில், முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்களுக்கு இடமில்லை.

நிறுவனத்திடம் என்ன கேட்க வேண்டும்?

"வீட்டிலிருந்து வேலை" என்ற அனுமதி, எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம் என்ற அனுமதி அல்ல. மாதத்துக்கு எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும், திடீரென முழுநேரம் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இ.எம்.ஐ. போட்டு நிலம் வாங்கிய பிறகு "ஆபீஸ் வாங்க" என்று மெயில் வந்தால், வேலையா தோட்டமா என்று ஒன்றை விட வேண்டிவரும்.

முதலில் செய்ய வேண்டியது

நிலம் வாங்கும் முன், அதே ஊரில் ஒரு வருடம் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அதில் வர வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் கொஞ்சம் இடம் குத்தகைக்கு எடுத்து, எத்தனை மணி நேரம் உழைத்தோம், எவ்வளவு செலவானது, எவ்வளவு வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். குடும்பத்தினர் செய்த வேலையையும் சேர்த்து எழுதுங்கள். பல வீடுகளில் நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது தண்ணீர் பாய்ச்சுவது அம்மாவோ மனைவியோதான்.

பிறகு வில்லங்கச் சான்று, பட்டா, பாதை உரிமை எல்லாம் பார்த்து, அந்த நோட்டுக்கு ஏற்ற அளவில் நிலம் வாங்கலாம். அது ரெண்டு ஏக்கராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 20 சென்ட்டே போதும் என்று அந்த நோட்டு சொன்னால், மிச்சப் பணம் வங்கியில் இருக்கட்டும்.