பித்தளைத் தொலைநோக்கியின் வயது

பழைய பித்தளைத் தொலைநோக்கி ஒன்று ஏலத்துக்கு வந்தால், வாங்க வருபவர் முதலில் தேடுவது பெயரை. ‘டாலண்ட், லண்டன்’ என்ற எழுத்துகள் கண்ணருகுக் குழலில் தெரிந்துவிட்டால் விலை ஏறுகிறது. விற்பவரும் தயங்காமல் ‘18ஆம் நூற்றாண்டு’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறார். தொலைநோக்கிகளின் வரலாற்றை அக்கறையோடு படிப்பவர்கள் இந்தப் பழக்கத்தை ஏற்க முடியாது. ஒரு கருவியின் காலத்தைச் சொல்லும் சான்றுகளில் மிகவும் பலவீனமானது அதில் பொறித்த பெயர். எண், குழல் செய்த விதம், லென்ஸின் கண்ணாடி, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிய முகவரிச் சீட்டு ஆகியவை அதைவிட நம்பகமான சாட்சிகள். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் பணக்காரர்களும் மாலுமிகளும் விஞ்ஞானிகளும் விரும்பி வாங்கிய கருவிகளைச் செய்த இரண்டு பட்டறைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ஒன்று ஜேம்ஸ் ஷார்ட்டுடையது. மற்றொன்று டாலண்ட் குடும்பத்துடையது.

ஷார்ட் 1710இல் எடின்பரோவில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, அறநிலையப் பள்ளி ஒன்றில் வளர்ந்தார். கணித மேதை காலின் மெக்லாரின் தம் பல்கலைக்கழக அறைகளில் இடம் கொடுக்க, அங்கேதான் ஆடிகளைத் தேய்க்கத் தொடங்கினார். 1738இல் லண்டனில் குடியேறினார். எடின்பரோவில் செய்தவற்றையும் சேர்த்து, 1768இல் இறக்கும்வரை ஏறத்தாழ 1,370 தொலைநோக்கிகள் செய்தார். ஏறத்தாழ எல்லாமே கிரெகரி என்ற ஸ்காட்லாந்துக் கணிதர் 1663இல் வெளியிட்ட வடிவத்தைப் பின்பற்றியவை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் வார்த்த குழியாடி குழலின் அடியில் இருக்கும். அதன் நடுவில் துளை. வாய்ப்பக்கத்தில் இன்னொரு சிறிய குழியாடி. ஒளி பெரிய ஆடியில் பட்டு, சிறியதில் திரும்பி, துளை வழியாகக் கண்ணுக்கு வரும். பிம்பம் நேராகத் தெரிவதால் வானத்துக்கு மட்டுமின்றி நிலத்துக்கும் கடலுக்கும் உதவியது. குழலின் பக்கவாட்டில் நீளமாக ஒரு திருகுக் கம்பி ஓடும். அதைத் திருப்பினால் சிறிய ஆடி முன்னும் பின்னும் நகர்ந்து பிம்பம் கூர்மையாகும். சிறிய அளவுக் கருவிகள் மேசைமேல் நிற்கும் பித்தளைத் தூணில் அமர்ந்திருக்கும்; கால்களை மடக்கிப் பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

காலம் கணிப்பவருக்கு ஷார்ட் ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். கண்ணருகுப் பகுதியைச் சுற்றியுள்ள பின்தகட்டில் தம் பெயரோடு மூன்று எண்களைப் பொறித்தார். ஒரு மாதிரிக்கு 150/900=12 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண், அந்த அளவில் செய்தவற்றுள் இது எத்தனையாவது என்று சொல்கிறது. இரண்டாவது எண், மொத்தத்தில் எத்தனையாவது என்பது. மூன்றாவது, பெரிய ஆடியின் குவியத் தூரம், அங்குலத்தில். இரண்டாவது எண்தான் காலக்கணக்குக்குத் திறவுகோல். வாங்கிய ஆண்டு ஆவணங்களில் தெரிந்த சில கருவிகளை ஆணிகளாக அடித்துவிட்டால், அவற்றுக்கு இடையே விழும் எண்ணுடைய கருவியின் வயதைச் சில ஆண்டு வித்தியாசத்தில் சொல்லிவிடலாம். சுமார் 35 ஆண்டு உழைப்பு, 1,370 கருவிகள் என்றால் சராசரி ஆண்டுக்கு 40க்குச் சற்றே குறைவு. சராசரி எல்லா ஆண்டுக்கும் பொருந்தாது. வெள்ளி சூரியனைக் கடந்த 1761, 1769ஐ ஒட்டி உலகெங்கும் தொலைநோக்கிக்குத் தேவை கூடியிருந்தது. 1769 கடப்பைப் பார்க்கக் கேப்டன் குக் தாஹித்திக்குக் கொண்டுபோனவற்றிலும் ஷார்ட்டின் இரண்டடிக் குவியத் தூரமுள்ள இரண்டு கருவிகள் இருந்தன.

இங்கே ஒரு மறுப்பு எழும். எண்ணையும் போலியாகப் பொறிக்கலாமே என்பார்கள். பொறிக்கலாம்தான். ஆனால் ஷார்ட்டின் எண்வரிசை தன்னையே சோதிக்கும் வழியைத் தனக்குள் வைத்திருக்கிறது. மூன்றாவது எண் 12 என்றிருந்தால், ஆடியைக் கழற்றி, தொலைவிலுள்ள ஒரு வெளிச்சத்தின் பிம்பத்தை ஒரு தாளில் விழவைத்து அளந்தால் ஏறத்தாழ 12 அங்குலம் வரவேண்டும். வரவில்லையென்றால் ஆடி மாறியிருக்கிறது, அல்லது எழுத்து பொய். அதேபோல முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கவே முடியாது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: ஷார்ட் ஆடிகளை மட்டுமே தம் கையால் செய்தார், பித்தளைக் குழலையும் தாங்கியையும் வேறு கைவினைஞர்களிடம் வாங்கினார். அப்படியானால் எண் எதன் வயதைச் சொல்கிறது? ஆடியின் வயதை, முக்கியமாக. ஆனால் அவர் ஆடியைக் குழலில் பொருத்திச் சோதித்த பிறகே விற்றார். ஆக, குழலும் ஆடியும் சேர்ந்த நாளை அந்த எண் காட்டுகிறது. தாங்கி மட்டும் பின்னால் மாறியிருக்க நிறைய வாய்ப்புண்டு. அதைத் தனியாகத்தான் ஆராய வேண்டும். தம் தொழில் ரகசியம் பிறர் கைக்குப் போகக்கூடாது என்று இறப்பதற்கு முன் கருவிகளை அழிக்கச் சொன்னவர் அவர் என்று ஒரு செய்தி உண்டு. அத்தகையவர் விட்டுச்சென்ற எண்களைப் பட்டறையின் கணக்கேடு போலவே மதிக்க வேண்டும்.

டாலண்டின் கதை வேறு. பட்டுநெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் டாலண்டின் மகன் பீட்டர் 1750இல் லண்டனில் கடை திறந்தார். 1752இல் தந்தையும் தறியை விட்டுவிட்டு மகனோடு சேர்ந்தார். கிரவுன் கண்ணாடியையும் ஃபிளிண்ட் கண்ணாடியையும் இணைத்து, பிம்பத்தின் ஓரத்தில் தெரியும் நிறக்கோடுகளைப் போக்கும் ‘நிறமற்ற லென்ஸு’க்கு 1758இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கமும் வந்தது. உண்மையில் செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞர் சுமார் 25 ஆண்டுகளுக்கு முன்பே அந்த லென்ஸைச் செய்துவைத்திருந்தார். ஆனால் அதைத் தொழிலாக்கவில்லை. ஜான் 1761இல் இறந்த பிறகு, பீட்டர் மற்ற லென்ஸ் தொழிலாளர்கள்மீது வழக்குத் தொடர்ந்தார். 35 பேர் சேர்ந்து காப்புரிமையை ரத்துசெய்யக் கோரியும் பயனில்லை. கண்டுபிடித்ததை ஒருவர் தம் அலமாரிக்குள் வைத்திருந்தால் அது மக்களிடம் கொண்டுவந்தவரின் உரிமையைக் கெடுக்காது என்று நீதிமன்றம் 1766இல் முடிவுகட்டியது. ஹாலுக்குச் சேரவேண்டிய பெருமை அப்படியே நின்றுபோனதை இன்று படிக்கும்போதும் மனம் சங்கடப்படுகிறது.

இந்த வழக்கு சேகரிப்பவருக்கும் உதவுகிறது. காப்புரிமை 1772இல் முடிந்தது. ஆகவே வேறு பட்டறையின் பெயர் தாங்கிய நிறமற்ற லென்ஸ் தொலைநோக்கி எதிர்ப்பட்டால், அது பெரும்பாலும் 1772க்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தியது என்றால் கட்டணம் கட்டியதா, மீறிச் செய்ததா என்ற கேள்வியே ஒரு சுவையான ஆய்வாகிவிடும். ஆனால் டாலண்ட் பெயர் தாங்கியவற்றுக்கு இப்படி எந்தக் கோடும் கிழிக்க முடியாது. பீட்டர் 1820 வரை வாழ்ந்தார். அவருடைய தங்கை மகன் ஜார்ஜ் ஹக்கின்ஸ் 1805இல் டாலண்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு 1852இல் இறக்கும்வரை தொழிலை நடத்தினார். குடும்பத்தின் கையிலிருந்து கடை போன பிறகும் பெயர் போகவில்லை. 1927இல் எய்ச்சிசன் நிறுவனத்தோடு இணைந்து, கண்ணாடிக் கடைகளின் பலகைகளில் 21ஆம் நூற்றாண்டு வரை அது நீடித்தது. போதாதற்கு, ‘டாலண்ட்’ என்றால் தொலைநோக்கி என்ற அளவுக்கு அது புகழ் பெற்றதால், எழுத்தைச் சற்றே மாற்றி ‘டாலாண்ட்’ என்றெல்லாம் பொறித்த போலிகளும் பெருகின. இத்தனைக்கும் மேலே அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நூற்றாண்டைக் குறிப்பிடுவது எப்படிப் பொருந்தும்?

அதனால் டாலண்ட் கருவியில் மற்ற உறுப்புகளைப் பேசவிட வேண்டும். வெளிக்குழல் மகோகனி மரமா, தோல் சுற்றிய பித்தளையா என்று பார்க்கலாம். உள்ளே இழுக்கும் குழல்கள் ஒரு தகட்டை உருட்டி ஓரத்தைப் பற்றவைத்தவையா, இணைப்புத் தெரியாதவையா என்பது அதைவிட முக்கியம். முதல் வகையில், குழலின் உட்புறத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் நீளவாக்கில் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு தெரியும். இணைப்பில்லாத குழல் 19ஆம் நூற்றாண்டு நடுப்பகுதியில்தான் பரவலாயிற்று. அப்படி ஒரு குழல் ‘1770’ என்று விற்கப்படும் கருவியில் இருந்தால், குழல் மாற்றப்பட்டது அல்லது சீட்டு தவறு. லென்ஸையும் பாருங்கள். பழைய ஃபிளிண்ட் கண்ணாடியில் இலேசான நிறமும் சிறு குமிழிகளும் இழைகளும் இருப்பது இயல்பு. பிரிட்டன் 1746இலிருந்து 1845 வரை கண்ணாடிக்கு எடைக்கு வரி வாங்கியது. ஈயம் கலந்த ஃபிளிண்ட் கனமானது. அதோடு, இழையில்லாத பெரிய வட்டை உருக்கி எடுக்கும் வித்தையும் தெரியவில்லை. ஸ்விட்சர்லாந்தின் கினான் உருகிய கண்ணாடியைக் கலக்கும் முறையைக் கண்டு, 1805இல் பவேரியாவுக்குச் சென்று ஒளியியல் வல்லுநர் ஃபிரான்ஹோஃபரோடு பணிசெய்த பிறகே நிலைமை மாறியது. ஆகவே அகன்று, மாசு மருவற்று மின்னும் முகப்பு லென்ஸ் 18ஆம் நூற்றாண்டுக் கருவியில் இருந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். பெட்டி மூடியில் ஒட்டிய கடைச் சீட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. முகவரி ஸ்ட்ராண்டா, செயிண்ட் பால் முற்றமா என்பதே 1766க்கு முன்னா பின்னா என்பதைச் சொல்லிவிடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, அழகான பொருளாக வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பதற்கு நம் மண்ணிலேயே காரணம் இருக்கிறது. வெள்ளிக் கடப்பைப் பார்க்கப் புதுச்சேரி வந்து காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் ல ஜான்டில் 1769 ஜூனில் மேகத்தால் ஏமாந்தார். அவருக்கு நிறமற்ற லென்ஸ் தொலைநோக்கி ஒன்றை மெட்ராஸ் ஆங்கிலேயர்கள் அனுப்பிவைத்திருந்தார்கள். பகைவர் இருவர் ஒரு கருவிக்காகக் கைகோத்த அரிய செய்தி அது. 1786இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தம் செலவில் அமைத்த வானாய்வகத்திலும், அதிலிருந்து 1792இல் நுங்கம்பாக்கத்தில் வளர்ந்த அரசு வானாய்வகத்திலும் மூன்று அங்குல நிறமற்ற லென்ஸ் தொலைநோக்கிகள் இருந்தன. இவ்வாறு எந்தக் கருவி எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்பதைச் சரியாகச் சொன்னால்தான் மக்களும் அறிவும் எப்படி ஊர்விட்டு ஊர் சென்றன என்பதை எழுத முடியும். தவறான நூற்றாண்டைச் சுமந்த ஒரு கருவி அந்த வரலாற்றில் தவறான சாட்சியாகிவிடுகிறது.

கடைசியாக, துலக்கும் பழக்கத்தைப் பற்றி. பழைய பித்தளைமேல் பூசிய வார்னிஷ் பொன்னிறத்தில் இருக்கும். கை பட்ட இடங்களில் மட்டும் கரைந்திருக்கும். அந்தத் தேய்மானம் கருவியை எப்படிப் பிடித்தார்கள் என்பதற்குச் சான்று. மினுமினுப்புக்காக அதைத் தேய்த்து எடுத்தால் பொறிப்பின் விளிம்புகளும் மழுங்கி, உண்மை எழுத்தையும் பின்னால் பொறித்ததையும் பிரித்தறிய வழியில்லாமல் போகும். ஷார்ட்டின் உலோக ஆடியைத் தேய்த்தால் அவர் தம் கையால் கொடுத்த வளைவே கெட்டுவிடும். பழைய தொலைநோக்கி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் புளியோ பாலிஷோ போட்டுத் துலக்காதீர்கள். எழுத்துகளையும் எண்களையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள், குவியத் தூரத்தை அளந்து குறித்து வையுங்கள், பெட்டியின் உட்புறச் சீட்டைக் கிழிக்காமல் விடுங்கள்.