சயாமுக்குப் போன ரயிலும் ஒரு முக்காலியும்

குளுவாங் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் அந்தப் பாட்டியைப் படம்பிடித்துக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனபோது அவருக்கு ஆறு வயது. ஒன்றரை மணி நேரம் அசையாமல் பேசியவர், திடீரென்று கையை நீட்டினார்.

“இந்தா, இந்தத் தண்டவாளத்துலதான் தம்பி போனாரு. நான் கையாட்டிக்கிட்டே நின்னேன். திரும்பி வரவே இல்ல.”

முகத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து தண்டவாளத்துக்கு என்று கேமராவை மெல்லத் திருப்ப நினைத்தேன். முக்காலியின் தலை முதலில் நகர மறுத்தது. கொஞ்சம் அழுத்தினேன், வெடுக்கென்று துள்ளிவிட்டது. படத்தில் தண்டவாளமே இல்லை, ஒரு வாழைமரம்தான் இருந்தது. “இன்னொரு தடவை சொல்லுங்க பாட்டி” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கேமராவுக்காக மூன்று மாதம் அலைந்தவன் நான். முக்காலியை மட்டும் கடைசி நாளில், மிச்சமிருந்த வெள்ளிக்கு வாங்கினேன். பெட்டியில் ‘ஃபுளூயிட் ஹெட்’ என்று போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான்.

திரவத் தலை எதற்கு வந்தது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். இரண்டு பரப்புகள் நேரடியாக உராயும் தலையில், நகரத் தொடங்கத் தேவைப்படும் விசை, நகர்ந்துகொண்டிருக்கத் தேவைப்படுவதைவிட அதிகம். அந்த வித்தியாசம்தான் துள்ளலாக வெளிப்படுகிறது. நடுவில் கெட்டியான திரவம் இருந்தால் கதை மாறுகிறது. தேனுக்குள் கரண்டியைத் திருப்பிப் பாருங்கள். அவசரப்பட்டால் தடுக்கும், நிதானமாகப் போனால் வழிவிடும்.

சிட்னியைச் சேர்ந்த எரிக் மில்லர் 1946இல் இப்படியொரு தலைக்குக் காப்புரிமை பெற்றார். கலிபோர்னியாவில் சாட்வெல் ஓ’கானர் என்ற பொறியாளரும் தனியாக ஒன்றைச் செய்தார். நீராவி ரயில்களைப் படம்பிடிப்பது அவருக்குப் பைத்தியம். ஓடும் ரயிலைத் துள்ளாமல் பின்தொடர வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் செய்தார். அதைப் பார்த்த வால்ட் டிஸ்னி தன் இயற்கை ஆவணப்படங்களுக்கு வாங்கிக்கொண்டார். பின்னாளில் ஓ’கானருக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் தவறவிட்டதும் ஒரு ரயில்தானே.

கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையான பாதை 1909இல் முடிந்தது. ரப்பர் அதில் போனது, சஞ்சிக்கூலிகளுக்குப் பின் வந்த நம் ஆட்களும் அதில் வந்தார்கள். 1942-43இல் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா பாதை போடுவதற்காக, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் வடக்கே ஏற்றினார்கள். அந்தப் பயணத்தை எங்கள் பக்கத்திலிருந்து படம்பிடிக்க யாரிடமும் கேமரா இல்லை.

மில்லர் காப்புரிமை பெற்ற அதே 1946இல்தான் இங்கே மலாயன் பிலிம் யூனிட் தொடங்கியது. அதன் படங்களுக்குத் தமிழ் விளக்கவுரையும் உண்டு. வேனில் திரையும் புரொஜெக்டரும் ஏற்றிவந்து தோட்டங்களில் காட்டினார்கள். ஆனால் அவை அரசாங்கம் சொல்ல விரும்பியதைச் சொன்ன படங்கள். பால்மரம் வெட்டும் கைகள் திரையில் தெரிந்தால், பேசும் குரல் வேறொருவருடையதாக இருக்கும்.

இரண்டாவது முக்காலியை ஜொகூர் பாருவில் பழையதாக வாங்கினேன். இந்த முறை கேமராவைக் கையோடு கொண்டுபோனேன். மைக், பேட்டரியோடு அது இரண்டரை கிலோ. பன்னிரண்டு கிலோ தாங்கும் தலையைக் கடைக்காரர் பெருமையாக எடுத்து வைத்தார். அதன் வில் என் கேமராவுக்கு மிகையான பலம், குனிய வைத்தால் அதுவே நிமிர்ந்துகொண்டது. அதிகபட்ச எடையை மட்டும் பார்த்தால் போதாது, குறைந்தபட்சத்தையும் பார்க்க வேண்டும். முன்பக்கமாகச் சாய்த்துக் கையை விட்டால் கேமரா விழவும் கூடாது, எழவும் கூடாது.

தலை உட்காரும் இடம் 75 மில்லிமீட்டர் கிண்ணமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். வாசல் தரை சாய்வாக இருந்தாலும், காலோடு மல்லுக்கட்டாமல் அடியிலுள்ள பிடியைத் தளர்த்தியே மட்டம் பார்த்துவிடலாம். கடைசியாகக் கடைக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் முக்காலி நாற்காலி கேட்டு, நானே உட்கார்ந்து பார்த்தேன்.

“என்ன பாஸ், டிரைப்பாட் வாங்க வந்தீங்களா, நாற்காலி வாங்க வந்தீங்களா?” என்று சிரித்தார்.

உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண் உயரத்துக்குக் கால்கள் இறங்குமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இறங்கின.

திரும்பிப் போனபோது பாட்டி அந்தக் கதையைச் சொல்லவில்லை. “அதான் அன்னைக்கே சொன்னேனே” என்று காப்பி கலக்கப் போய்விட்டார். அவருடைய காலி நாற்காலியிலிருந்து தண்டவாளம்வரை கேமராவை ஒருமுறை திருப்பினேன். இருபது விநாடி, ஒரு துள்ளலும் இல்லை. அதன்மேல் முதல் நாள் குரலைச் சேர்த்தேன்.

படமும் குரலும் வெவ்வேறு நாளில் எடுத்தவைதான். ஆனால் குரல் அவருடையது.