பாஸ்டன் வெல்லப்பாகு வெள்ளம்

பாஸ்டன் வெல்லப்பாகு வெள்ளம் என்பது 1919 சனவரி 15 அன்று ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வெல்லப்பாகு (மொலாசஸ்) தேக்கிய எஃகுத் தொட்டி உடைந்ததால் ஏற்பட்ட விபத்து ஆகும். பெயர் வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் 21 பேர் இறந்தனர்; ஏறத்தாழ 150 பேர் காயமுற்றனர்.

சுமார் 50 அடி உயரமும் 90 அடி விட்டமும் கொண்ட இத்தொட்டியை பியூரிட்டி டிஸ்டில்லிங் நிறுவனம் 1915 இல் அமைத்தது. பாகிலிருந்து எடுக்கப்படும் எரிசாராயம் முதல் உலகப் போரின்போது வெடிமருந்துத் தயாரிப்புக்குப் பெருமளவில் தேவைப்பட்டது. அவசரம் கருதி, தொட்டியை நீரால் முழுவதும் நிரப்பிச் சோதிக்கவில்லை. சில அங்குல உயரத்துக்கே நீர் விட்டுப் பார்த்தனர். தொடக்கம் முதலே பாகு கசிந்தது. அப்பகுதிச் சிறுவர்கள் அதனைக் குவளைகளில் பிடித்துச் செல்வதுண்டு. பின்னர், கசிவு கண்ணுக்குத் தெரியாதவாறு தொட்டிக்குப் பழுப்பு வண்ணம் பூசப்பட்டது.

உடைந்தபோது அதில் ஏறத்தாழ 23 இலட்சம் கேலன் பாகு இருந்தது. மணிக்கு சுமார் 35 மைல் வேகத்தில் எழுந்த அலை கட்டிடங்களைப் பெயர்த்தது. குளிரில் பாகு இறுகியதால் சிக்கியவர்களை மீட்பது கடினமாயிற்று.

அரசின்மைவாதிகள் வைத்த குண்டே காரணம் என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் நியமித்த ஹியூ ஆக்டன், பல ஆண்டு விசாரணைக்குப் பின் 1925 இல் இதனை மறுத்து, தொட்டியின் வலுவின்மையே காரணம் என முடிவு செய்தார். நிறுவனம் 6 இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கியது.