ஓதுவார் இல்லாத கோயிலில் தேவாரம்: நாதஸ்வரமும் தவிலும் பதிகத்தை ஏற்கும் முறை

நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பகுதித் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் முதலில் கேட்பது தப்புச் சத்தம்தான். சுவாமி வெளிவீதி வரும் நாளுக்கு மேளக்காரரை அழைப்பதும் உண்டு. முழு மேளம் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதி எல்லாம் வேண்டும். தொழிலாளர் தங்கள் நாட்சம்பளத்தில் சேர்த்த பணத்தில் நடக்கும் விழாவுக்கு அத்தனை பேரை வரவழைப்பது எளிதல்ல. ஒரு நாதஸ்வரம், ஒரு தவில் என்ற சோடியே பல இடங்களில் கைக்கு எட்டுவது. ஓதுவாரும் இல்லாத கோயிலில் தேவாரத்தை அந்த இருவர் எப்படி வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய முன்மாதிரி

தேவாரத்தைக் கருவியில் ஏற்றும் முயற்சி சம்பந்தர் காலத்திலேயே தொடங்கியது. திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவி மதங்கசூளாமணியும் சம்பந்தருடன் தலங்கள்தோறும் சென்றதைப் பெரியபுராணம் சொல்கிறது. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. மனம் நொந்து யாழை உடைக்கப் போன பாணரைச் சம்பந்தர் தடுத்தார். யாழ்மூரி எனப்படும் அந்தப் பதிகம் இன்று அடாணா இராகத்தில் பாடப்படுகிறது. குரலில் உள்ள எல்லாம் கருவியில் வராது என்பதை நம் மரபு அன்றே ஏற்றுக்கொண்டது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் வாசிக்க உடுக்கைக்கு ஒருவரையும் கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் நியமித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. 50 பேர் செய்த பணியை இருவர் செய்ய வேண்டுமானால், எதை விடுவது, எதை விடக்கூடாது என்ற தெளிவு வேண்டும்.

முதலில் பண்

விடக்கூடாத முதல் விடயம் பண். இன்றைய ஓதுவார் மரபில் ஒவ்வொரு பண்ணுக்கும் இணையான இராகம் உண்டு. ஈழத்துப் பாடல்பெற்ற தலங்கள் இரண்டையே எடுத்துக்கொள்வோம். திருக்கோணமலைக்குச் சம்பந்தர் பாடியது புறநீர்மைப் பண். அது பூபாளத்தில் பாடப்படும். திருக்கேதீச்சரத்துக்கு அவர் பாடியது நட்டராகப் பண், பந்துவராளியில் பாடப்படும். அதே தலத்துக்குச் சுந்தரர் பாடியது நட்டபாடை; கம்பீர நாட்டையில் பாடப்படும்.

பூபாளம் விடியற்காலை இராகம். எனவே கோணமலைப் பதிகம் காலைப் பூசைக்குப் பொருந்தும். மேகராகக்குறிஞ்சிக்குரிய நீலாம்பரியை இரவில் பள்ளியறைப் பூசைக்கு வைக்கலாம். சினிமா மெட்டில் தேவாரத்தை ஏற்றினால் கூட்டம் கூடலாம். ஆனால் பதிகத்தின் அடையாளம் போய்விடும்.

எத்தனை பாடல்

சம்பந்தர் பதிகம் பெரும்பாலும் பதினொரு பாடல் கொண்டது. பாடும்போது சொல் மாறுவதால் ஒவ்வொரு பாடலும் புதிதாக இருக்கும். கருவியில் சொல் இல்லை. ஒரே மெட்டு பதினொரு முறை திரும்பி வரும். ஆகவே மூன்று பாடல் போதும். முதற்பாடலைக் கீழ், நடு ஸ்தாயியில் நிதானமாக வாசிக்கலாம். நடுவில் ஒன்றை மேல் ஸ்தாயிக்குக் கொண்டு போகலாம். திருக்கடைக்காப்பை மீண்டும் நடு ஸ்தாயியில் முடிக்கலாம். முன்னால் வரும் இராக ஆலாபனை, கேட்பவர் பண்ணை அடையாளம் காணும் அளவுக்கு இருந்தால் போதும்.

மூச்சும் சொல்லும்

நாதஸ்வரக்காரர் பதிகத்தை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். மெட்டு மட்டும் தெரிந்தால் சொல்லின் நடுவில் மூச்சு எடுப்பார். தெரிந்தவர் காதில் அது சொல்லை இரண்டாக முறித்ததுபோல் விழும். சீர் முடியும் இடத்தில், பொருள் நிற்கும் இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும். வல்லெழுத்து வரும் இடத்தில் நாக்கால் தட்டும் துத்துகாரம், நெடில் வரும் இடத்தில் இழைக்கும் கமகம், குறிலில் கமகம் தவிர்த்தல் ஆகிய மூன்றும் சொல்லை நினைவூட்டும். பந்துவராளியின் சுத்த ரிஷபம், பிரதி மத்திமம் போன்ற சுரங்களை விரல் துளையோடு சீவாளியின் மேல் உதட்டழுத்தத்தாலும் சரிசெய்ய வேண்டியிருப்பதால், வேகம் குறைவாக இருப்பது நல்லது.

தவிலின் பங்கு

தேவாரத்தைத் தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும், தாளமின்றிப் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் சொல்வர். இருவர் மட்டும் வாசிக்கும்போது இரண்டையும் பயன்படுத்தலாம். முதற்பாடலைச் சுத்தாங்கமாக நாதஸ்வரம் தனியே வாசிக்க, தவில் மௌனமாக இருக்கட்டும். இரண்டாம் பாடலில் தவில் மெதுவாகச் சேர்ந்து சர்வலகுவாகப் போகட்டும். தீர்மானம் பாடலின் முடிவில் மட்டும் வரட்டும். அடிக்கு அடி வந்தால் பதிகம் மறைந்து தவில் மட்டும் நிற்கும். மலையக மழைக்காலத்தில் ஈரத்தால் தோல் தளரும் என்பதால், புறப்படும் முன் வாரை இறுக்கிச் சுருதி பார்ப்பது அவசியம். ஒத்துக்காரர் இல்லாவிட்டால் மின்சுருதிப் பெட்டி போதும்.

ஏன் இப்போது

ஈழத்தில் இக்கலைக்குப் பேர்போன இணுவிலும் அளவெட்டியும் 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வெறுமையாகின. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலும் என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் ஒலித்த மண் அது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களும் 2009 வரை போருக்குள் அகப்பட்டன. ஆசிரியரும் மாணவரும் சிதறும்போது முதலில் அழிவது எழுத்தில் இல்லாத மெட்டுத்தான்.

மறைந்துபோன பண்களை, பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே மீட்டதாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ஏடு கிடைத்த பின்னும் இசை ஒரு மனிதரின் நினைவிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

தோட்டங்களில் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் தேவாரத்தை மனனம் செய்கிறார்கள். வாசிப்பதற்கு முன் ஒரு பிள்ளை அந்தப் பாடலைச் சொல்லட்டும். கடைசிப் பாடலை நாதஸ்வரம் அடி அடியாக வாசிக்க, பிள்ளைகள் திருப்பிப் பாடட்டும். சொல் தெரிந்த பிள்ளைக்குப் பண் கிடைக்கும். கருவிக்கு விடுபட்ட சொல்லும் கிடைக்கும். இதற்கு மேலதிகச் செலவு எதுவும் இல்லை.