முறைப்பாட்டை யார் வாசிக்க வேண்டும்?

ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வரும் மின்னஞ்சல் பெரும்பாலும் முடித்துவிட வேண்டிய வேலையாகவே பார்க்கப்படுகிறது. கடிதம் வந்தது, பதில் போனது, கோப்பு மூடப்பட்டது. எத்தனை மணித்தியாலத்துக்குள் பதில் போனது என்று கணக்கு வைத்திருப்பார்கள். அதை ஒருவர் ஏன் எழுத நேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. பொருளை வடிவமைத்தவர் வேறொரு மாடியில் இருப்பார். கடிதம் அவரிடம் போய்ச் சேராது. பயனர்களின் தேவையை அறியப் பெரும் பணம் செலவழித்துக் கருத்துக்கணிப்பு நடத்தும் நிறுவனங்கள்கூட, தமது அஞ்சற்பெட்டியில் செலவின்றிக் கிடக்கும் ஆய்வைத் திறந்து பார்ப்பதில்லை.

இதை மாற்றிச் செய்தவர்களில் அதிகம் பேசப்படுவது வூஃபூ. இணையத்தில் விண்ணப்பப் படிவங்கள் தயாரிக்க உதவும் மென்பொருள் அது. அமெரிக்காவின் புளோரிடாவில் மூவர் சேர்ந்து தொடங்கிய அந்தச் சிறு நிறுவனம் 2006இல் சேவையை ஆரம்பித்து, 2011இல் சேர்வேமங்கி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அங்கே வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவதற்கென்று தனி ஆட்கள் இருக்கவில்லை. மென்பொருளை எழுதிய பொறியியலாளர்கள் உட்பட எல்லோரும் முறை வைத்துப் பதில் எழுதினார்கள். நிறுவனர்களில் ஒருவரான கெவின் ஹேல் 2014இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரையில் இதை விளக்கியிருக்கிறார். தான் செய்த பிழையைப் பற்றித் தனக்கே கடிதம் வந்தால், இரண்டாவது மூன்றாவது தடவை பதில் எழுதிக்கொண்டிருக்க எந்தப் பொறியியலாளரும் விரும்பமாட்டார். எழுந்து போய்ப் பிழையைத் திருத்துவார். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும் இடங்களைக் கண்டறிந்து உதவிக் குறிப்புகளை ஒழுங்காக மாற்றி அமைத்தபோது, வரும் கடிதங்களின் தொகை கணிசமாகக் குறைந்தது.

அவர்கள் செய்த இன்னொரு சிறிய காரியமும் உண்டு. முறைப்பாட்டுப் படிவத்தில், ‘இப்போது உங்கள் மனநிலை என்ன?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள். வேடிக்கைபோலத் தெரியும். ஆனால் பெரும்பாலானோர் அதை நிரப்பினார்கள். கோபத்தைச் சொல்ல ஓர் இடம் கிடைத்ததும், கடிதத்தின் மீதிப் பகுதி நிதானமாக வந்தது.

அமேசன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2023இல் ஒரு நேர்காணலில் சொன்ன சம்பவம் எம்மவர்களுக்கு உடனே விளங்கும். வாடிக்கையாளர் தொலைபேசியில் 60 விநாடிகளுக்கும் குறைவாகவே காத்திருக்கிறார் என்று நிறுவனத்தின் அறிக்கைகள் காட்டின. நீண்ட நேரம் காத்திருப்பதாக முறைப்பாடுகள் வந்துகொண்டிருந்தன. கூட்டத்தின் நடுவே பெசோஸ் அந்த இலக்கத்துக்குத் தானே அழைப்பு எடுத்தார். எல்லோரும் பார்த்திருக்க, பத்து நிமிடத்துக்கு மேல் சென்றும் பதில் இல்லை. புள்ளிவிவரமும் மனிதர் சொல்வதும் முரண்படும்போது பெரும்பாலும் மனிதர் சொல்வதே சரி என்பது அவர் வந்த முடிவு. அளவுகோல் தவறான ஒன்றை அளந்துகொண்டிருக்கலாம். மீள்குடியேற்றம் நூறு வீதம் முடிந்தது என்ற அறிக்கைகளைத் தறப்பாளின் கீழ் இருந்து வாசித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இது கணினி நிறுவனங்களோடு முடியும் விடயமும் அல்ல. வீடும் யாரோ வடிவமைத்து யாரோ பயன்படுத்தும் பொருள்தான். போருக்குப் பின் வடக்கு கிழக்கில் நடந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில், பெரும்பாலான வீடுகளுக்குப் பணம் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. வீட்டை அவரே கட்டினார் அல்லது கட்டுவித்தார். ஆனால் 2016இல் அரசாங்கம் 65,000 பொருத்து வீடுகளை முன்வைத்தபோது வடிவம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. மாதிரி வீடுகளைப் பார்த்தவர்களும் உள்ளூர்ப் பொறியியலாளர்களும் சிவில் அமைப்புகளும் அடுக்கடுக்காகக் கேள்வி எழுப்பினார்கள். இந்த வெயிலுக்கு உள்ளே இருக்க முடியுமா? விறகடுப்பை எங்கே வைப்பது? நாளைக்குப் பிள்ளை கலியாணம் முடித்தால் ஓர் அறை கூட்டிக் கட்டலாமா? எங்கள் மேசனுக்கும் தச்சருக்கும் இதில் என்ன வேலை? இதே காசுக்கு எத்தனை கல்வீடு கட்டலாம்? அவற்றோடு அரசியல் எதிர்ப்பும் கலந்திருந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு கேள்வியும் வடிவமைப்பாளர் மேசையில் இருந்திருக்க வேண்டிய குறிப்பு. திட்டம் அறிவிக்கப்பட்ட வடிவில் நிறைவேறவில்லை. அந்தக் கேள்விகளை வரைபடத்துக்கு முன்பே கேட்டிருந்தால் ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

சரி, நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? கிளிநொச்சியில் இருந்து கறித்தூள் அனுப்பும் ஒரு சிறு முயற்சியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பெரிய மென்பொருள் தேவையில்லை, ஓர் எக்செல் தாள் அல்லது ஒரு கொப்பி போதும். வந்த திகதி, வாடிக்கையாளர் என்ன செய்ய முயன்றார், எந்த இடத்தில் தடைப்பட்டார், அவருடைய சொற்கள் ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும். கடைசியானது முக்கியம். ‘பையைத் திறந்தால் பிறகு மூடேலாது, அலுமாரி முழுக்கத் தூள்’ என்று ஒருவர் எழுதியதை ‘பொதியிடல் குறைபாடு’ என்று சுருக்கிப் பதிந்தால், திருத்துவதற்குத் தேவையான தகவல் அங்கேயே தொலைந்துவிடும்.

கேட்பதை அப்படியே கொடுப்பதும் ஆய்வு அல்ல. ‘கால் கிலோ பையும் போடுங்கோ’ என்று பலர் கேட்டால், உடனே புதிய பை அச்சடிக்கக் கூடாது. ஏன் என்று இரண்டு மூன்று பேரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். ஒருவருக்கு விலை காரணமாக இருக்கலாம். இன்னொருவருக்கு, மூட முடியாத ஒரு கிலோப் பையில் தூள் வாசம் போவது காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் வழி வேறு. அதேபோல, ‘பொதி எப்ப வரும்?’ என்று மாதம் இருபது பேர் கேட்டால் இருபது பதில்கள் எழுதுவது சேவை; பணம் கட்டியவுடன் அனுப்பும் பற்றுச்சீட்டிலேயே திகதியைப் போடுவது திருத்தம்.

எண்ணிக்கை மட்டும் முன்னுரிமையைத் தீர்மானிக்காது. நிறம் பிடிக்கவில்லை என்ற இருபது கடிதங்களைவிட, காசு கட்டியும் பொருள் வரவில்லை என்ற ஒரு கடிதம் பாரமானது.

எம்மிடையே முறைப்பாடு மின்னஞ்சலாக மட்டும் வருவதில்லை. வட்ஸ்அப் குரல் பதிவாக வரும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிய குறுஞ்செய்தியாக வரும், வெளிநாட்டில் இருக்கும் மகன் மூலம் வரும். ‘பணம்’ என்று தேடினால் ‘காசு’ என்று எழுதியவர் அகப்படமாட்டார். ஆகவே கணினித் தேடலை மட்டும் நம்பாமல், ஓர் ஆள் இருந்து வாசிக்கவும் கேட்டு எழுதவும் வேண்டும்.

எழுதாதவர்களின் பிரச்சினை இதைவிடப் பெரியது. கடிதம் எழுதுபவருக்கு மொழியும் நேரமும், எழுதினால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக ஒவ்வோர் ஆணைக்குழுவுக்கும் ஒரே விபரத்தை எழுதிக் கொடுத்துக் களைத்த தாய், வங்கிச் செயலி வேலை செய்யவில்லை என்று யாருக்கும் எழுதப் போவதில்லை. மனிதாபிமான நிறுவனங்களுக்காக 2014இல் வெளியான அடிப்படை நியமத்தின் ஒன்பது வாக்குறுதிகளில் ஐந்தாவது, முறைப்பாடுகள் வரவேற்கப்பட்டுக் கவனிக்கப்படும் என்பது. வாசலில் பெட்டியைத் தொங்கவிட்டு, ஒன்றும் வரவில்லை, ஆகவே குறையில்லை என்று எழுதினால் அது நிறைவேறாது. வெறுமையான பெட்டி பயத்தையும் காட்டலாம். எழுதாதவர்களிடம் நேரே போய்க் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

முறைப்பாட்டில் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிப் புத்தகப் படம் எல்லாம் இருக்கும். வடிவமைப்பாளருக்கு அவை தேவையில்லை. தாளில் பதியும்போதே நீக்கிவிட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் பெயர்ப்பட்டியல் ஒன்றில் அகப்படுவதன் விலையை அறிந்த சமூகத்துக்குச் சட்டம் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

குறை திருத்தப்பட்டதும் அதைச் சுட்டிக்காட்டியவருக்கு ஒரு வரி எழுதி அறிவியுங்கள்: ‘நீங்கள் சொன்னபடி பையை மாற்றியிருக்கிறோம்.’ அடுத்த குறையையும் அவர் சொல்வார்.