சட்டியில் பழச்சாறு, கிளாஸில் வைன்: தோட்டத்துப் பண்டிகைக்கு ஒரு பஞ்ச்

தீபாவளி முதல் தைப்பொங்கல் வரையிலான மாதங்களில்தான் சப்ரகமுவத் தோட்டங்களில் லயன் அறைகள் நிறைகின்றன. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள். தேவாலயம் உள்ள தோட்டங்களில் ஒளிவிழாவும் நத்தாரும் இடையில் வந்து சேர்கின்றன. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களுக்கும் சேர்த்து 1995 இல் இரத்தினபுரி மறைமாவட்டம் தனியாக அமைக்கப்பட்டது. அதன் தமிழ்க் குடும்பங்களில் பல தேயிலை, ரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்தவை.

வீடு நிறையும்போது இரண்டு வகைப் பானங்கள் வருகின்றன. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கடையில் வாங்கிய சோடா. ஆண்களுக்கு லயத்தின் பின்பக்கம் சாராயம், கையில் காசு குறைந்தால் கசிப்பு. பண்டிகை முற்பணத்தில் எவ்வளவு அந்தப் பின்பக்கத்துக்குப் போகிறது என்பதை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் கணக்குப் போட்டு வைத்திருப்பார். எல்லோரும் ஒரே இடத்தில் நின்று குடிக்கக்கூடிய ஒன்று இருந்தால் அந்தப் பிரிவினை கொஞ்சமாவது குறையும். பஞ்ச் அதற்கு நல்ல தெரிவு. ஆனால் அதில் வைனை எங்கே, எப்போது சேர்க்கிறோம் என்பது முக்கியம்.

பெயரைக் கேட்டால் வெள்ளைக்காரப் பானம் போலத் தெரியும். அந்தச் சொல் ‘ஐந்து’ என்று பொருள்படும் இந்தியச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மது, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப் பொருள் அல்லது தேயிலை என்ற ஐந்தும் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் வந்தவர்கள் ஆசியாவில் கிடைத்த சாராயத்தில் இதைக் கலந்து பழகி, பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தில் மூன்று நம் தோட்டத்தைச் சுற்றியே விளைகின்றன என்பதைத் தோட்டத்தில் யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

தேயிலைச் சாயத்திலிருந்து தொடங்கலாம். இலங்கைத் தேயிலைச் சபை வகைப்படுத்தும் ஏழு தேயிலைப் பிரதேசங்களில் சப்ரகமுவவும் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீற்றர் உயரம் வரையிலான தோட்டங்கள் இதில் அடங்கும். தாழ்நிலத் தேயிலை ஆகையால் சாயம் கறுப்பாக, சற்றுச் செம்மை கலந்து, கனமாக இறங்கும். பழச்சாற்றுக்குள் காணாமல் போகாத தேயிலை இதுதான். நுவரெலியாவின் மெல்லிய தேயிலை இந்த வேலைக்குச் சரிவராது.

பதினைந்து பேருக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ் (200 மில்லிலீற்றர்) என்றால் மூன்று லீற்றர் வேண்டும். ஒரு லீற்றர் கொதித்த தண்ணீரில் நான்கு தேக்கரண்டி தேயிலையைப் போட்டு மூன்று, நான்கு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். டஸ்ட் என்றால் மூன்று நிமிடமே அதிகம். கூடுதலாக ஊறினால் கசப்பு ஏறும், எந்தச் சீனியாலும் அதை மறைக்க முடியாது. சாயத்தை மெதுவாக ஆறவிட வேண்டும். சுடச்சுடக் குளிர வைத்தால் கலங்கிவிடும். பயப்படத் தேவையில்லை, சிறிது வெந்நீர் விட்டால் தெளியும்.

அடுத்தது பாணி. 250 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒரு விரல் நீளக் கறுவாப்பட்டை, ஆறு கராம்பு, தட்டிய நான்கு ஏலக்காய், பெருவிரல் அளவு இஞ்சி போட்டுப் பத்து நிமிடம் மெல்லிய நெருப்பில் கொதிக்க விடுங்கள். இறக்கியபின் 250 மில்லிலீற்றர் கித்துள் பாணியைக் கலக்கலாம். பாணி இல்லையென்றால் 200 கிராம் சீனி போதும். சுவை வேறாக இருக்கும், குறையாக இராது. கித்துள் சப்ரகமுவவின் மரம். கித்துள்கல என்ற ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. தோட்ட எல்லைக்கு அப்பால் உள்ள சிங்களக் கிராமத்தில், மரம் ஏறுபவரின் வீட்டிலேயே வாங்க முடிந்தால் அது நல்லது. சீனிப்பாகு கலந்ததும் கித்துள் பாணி என்ற பெயரில்தான் கடையில் விற்கப்படுகிறது. சாதிக்காயை ஒரு சிட்டிகை மட்டும் கடைசியில் துருவிப் போடுங்கள். மணம் நன்றாக இருக்கிறதென்று அள்ளிப் போடக்கூடாது. அளவு மீறினால் சாதிக்காய் தலைசுற்றலையும் வாந்தியையும் உண்டாக்கும்.

பழத்துக்கு ஓர் அளவான அன்னாசி. பாதியைச் சாறாக்கி, பாதியைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். எட்டு, பத்து கொடித்தோடம்பழங்களின் சதையை வடிகட்டியில் தேய்த்து விதையை நீக்குங்கள். நான்கு தோடம்பழம், நான்கு தேசிக்காய். தேசிப்புளி விழுந்ததும் தேயிலையின் கறுப்பு வெளுத்துப் பொன்னிறமாகும், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டிய இடம் அது. கொடித்தோடை கிடைக்காவிட்டால் அம்பரெல்லாவை அவித்துக் கூழாக்கிச் சேர்க்கலாம். ஒரு சிட்டிகை உப்பு எல்லாச் சுவையையும் தூக்கிவிடும். பால், ஐஸ்கிரீம் எதையும் சேர்க்காதீர்கள். பச்சை அன்னாசியில் உள்ள நொதியம் பாலைக் கசப்பாக்கிவிடும். ஆறிய சாயம், வடித்த பாணி, சாறு எல்லாவற்றையும் கலந்து குளிரவைத்து, பரிமாறும் நேரத்தில் மட்டும் அரை லீற்றர் சோடா அல்லது இஞ்சிச் சோடா விட்டால் மூன்று லீற்றர் ஆகும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்தில் என்ன செய்வது? இறுக மூடிய பாத்திரத்தை பீலித் தண்ணீர் ஓடும் இடத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் போதிய அளவு குளிரும். மூடி தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் பஞ்சுக்குள் விடவே கூடாது. மீன் கடையில் வாங்கும் பனிக்கட்டியும் வேண்டாம். 2009 இல் வவுனியாவின் மெனிக் பாம் முகாம்களில் செங்கமாரி பரவியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிருமி அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகவே வருகிறது. கொதித்தாறிய தண்ணீரைச் சாப்பாட்டுப் பெட்டியில் ஊற்றி, பெட்டி உள்ள வீட்டில் உறையவைத்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய கட்டி, நொறுங்கிய துண்டுகளைவிட மெதுவாகவே கரையும்.

பாத்திரமும் கவனம். புளிப்பான சாறு அலுமினியத்தை அரிக்கும், சுவையும் கெடும். கண்ணாடி, சில்வர், மண்சட்டி நல்லவை. தோட்டத்து மருந்து வந்த கேனையோ பெயின்ட் வாளியையோ எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள். கல்யாண வீடுகளில் இது நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வைன். வழக்கமான செய்முறைகள் ஒரு போத்தலை முழுதாகச் சட்டிக்குள் ஊற்றச் சொல்கின்றன. தோட்டத்து வீட்டில் அதைச் செய்யக்கூடாது என்பதே என் கருத்து. சட்டிக்குள் போய்விட்டால் பிறகு யாருக்கும் தெரிவு இல்லை. பிள்ளை கேட்கும்போது இல்லை என்று சொல்ல வேண்டும், கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் வேறு பானம் தேட வேண்டும். பழத்துண்டுகளும் மதுவை உறிஞ்சிக்கொள்ளும். சட்டியின் அடியில் கிடக்கும் அன்னாசியைக் கரண்டியால் எடுத்துத் தின்பது எப்போதும் சின்னப் பிள்ளைகள்தான்.

ஆகவே சட்டியில் வைன் இல்லை. விரும்பும் பெரியவரின் கிளாஸில் 50 மில்லிலீற்றர் வைனும் 150 மில்லிலீற்றர் பஞ்சும். வைனில் மதுவின் அளவு பெரும்பாலும் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அப்படியானால் அந்தக் கிளாஸில் தூய மது 6 மில்லிலீற்றர், அதாவது 3 சதவீதம். 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று பதினைந்து கிளாஸுக்கு வரும். வைன் இல்லையென்று அதே 50 மில்லிலீற்றருக்குச் சாராயம் ஊற்றினால் கணக்கு மாறிவிடும். 33.5 சதவீதச் சாராயத்தில் தூய மது ஏறக்குறைய 17 மில்லிலீற்றர், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கித்துளும் அன்னாசியும் அதன் காரத்தை மறைத்துவிடுவதால் குடிப்பவருக்கு அளவு தெரியாது. பஞ்சின் ஆபத்து இந்த இனிப்பில்தான் இருக்கிறது. சாராயம்தான் கையில் இருக்கிறது என்றால் 15 மில்லிலீற்றருக்கு மேல் போகாதீர்கள்.

‘வைனைக் கொதிக்க வைத்தால் மது பறந்துவிடும்’ என்று நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்தபின்னும் 40 சதவீத மது மிஞ்சும், அரை மணி நேரத்துக்குப் பிறகும் 35 சதவீதம் இருக்கும். பிள்ளைகளுக்கு வைன் நிறம்தான் வேண்டுமென்றால் பாணி கொதிக்கும்போது இரண்டு துண்டு பீட்ரூட்டைப் போடுங்கள். அவர்களுடைய ‘வைன்’ நம்முடையதைவிடச் சிவப்பாக இருக்கும்.

வைனை வீட்டிலேயே போடலாமே என்று கேட்பார்கள். அன்னாசி, சீனி, ஈஸ்ட் சேர்த்து ஜாடியில் மூடிவைக்கும் முறை பலருக்குத் தெரியும். இலங்கையில் அது சட்டவிரோதம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிக்க முடியாது. தவறணைகளைப் பெருக்கும் சட்டம் என்று அக்காலத்தில் பெரிய மதுவிலக்குக் கிளர்ச்சியைக் கிளப்பிய அதே சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஜாடியில் இருப்பது நத்தார் வைன் என்று நீங்கள் சொல்லலாம். கசிப்பைத் தேடி லயத்துக்கு வரும் அதிகாரிக்கு அது வேறாகத் தோன்றும் என்று எதிர்பார்க்க முடியாது. மூடிய போத்தலில் புளிக்கவைத்தால் அது வெடிக்கவும் கூடும்.

கடையில் வாங்குவதிலும் சிக்கல்கள் உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது. போயா தினங்களில் கடைகள் மூடியிருக்கும். பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1979 அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் செய்தார். குடிக்கும் ஆணைச் சட்டம் கேள்வி கேட்கவில்லை, சமையலுக்கு ஒரு போத்தல் வாங்கும் பெண்ணைக் கேட்டது. விலை இன்னொரு கேள்வி. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. இறக்குமதி வைன் ஒரு போத்தலுக்கு அப்படிப் பல நாட்கள் கொழுந்து பறிக்க வேண்டும். வைன் இல்லாத சட்டியே முழுமையான பஞ்ச் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வைன் வந்தால் வரட்டும், வராவிட்டால் எதுவும் குறையப்போவதில்லை.

மருந்து எடுப்பவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் வாசகர்களில் பலர் போரின் பின் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை எடுப்பவர்கள். அத்தகைய மாத்திரைகளோடு மது சேர்ந்தால் மயக்கம் பலமடங்காகும், மூச்சுகூடத் தளரலாம். அவர்களுக்கு அரைக் கிளாஸ் வைனும் வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் பாணியின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கித்துள் பாணியும் சர்க்கரைதான்.

இன்னொன்று, பெரும்பாலானோர் அறியாதது. அழகுக்காகப் பஞ்சில் நட்சத்திரப் பழத்தை (காமரங்கா) வட்டமாக வெட்டி மிதக்க விடுவார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு அது நஞ்சு. அதிலுள்ள ஒட்சலேற்றும் நரம்பைத் தாக்கும் இன்னொரு பொருளும் உடலை விட்டு வெளியேறாமல் தங்கி, விடாத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகலாம். நலமாக இருப்பவர்கள்கூட வெறும் வயிற்றில் அதன் சாற்றை நிறையக் குடித்துச் சிறுநீரகம் பழுதடைந்த சம்பவங்கள் இலங்கையில் பதிவாகியுள்ளன. வவுனியா உட்பட உலர்வலயத்தில் சிறுநீரக நோய் பரவியிருக்கும் நிலையில், யாருக்கு நோய் இருக்கிறது என்று விருந்தில் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. அந்தப் பழத்தை விட்டுவிடுங்கள். ஒரு தேசிக்காய் வட்டமும் அழகுதான்.

வவுனியாவையும் கிளிநொச்சியையும் இங்கே சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. 1977 இலும் 1981 இலும் 1983 இலும் இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் அடிபட்டுப் போன குடும்பங்கள் அங்கே குடியேறின. பின்னர் அங்கும் போரைச் சந்தித்தன. அந்த வீடுகளில் தேயிலை இன்னும் கறுப்பாகத்தான் போடப்படுகிறது. வன்னியில் இதைச் செய்பவர்கள் கித்துளுக்குப் பதில் 200 கிராம் பனங்கட்டியைக் கரைத்து வடிக்கலாம். நிறம் இன்னும் கறுக்கும், புகைவாசம் லேசாக வரும், இஞ்சியைக் கொஞ்சம் கூட்டினால் இரண்டும் பொருந்திவிடும். அன்னாசி விலை ஏறியிருந்தால் பழுத்த கொய்யாவை அவித்து வடித்த சாறும் பப்பாசித் துண்டும் போதும். பப்பாசிக்குப் புளிப்பு இல்லாததால் தேசிக்காயை ஆறாக்குங்கள்.

அன்னாசித் தோலை எறிய வேண்டாம். நன்றாகக் கழுவி, இஞ்சியும் கறுவாவும் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் மறுநாள் காலையில் குடிக்க ஒரு கஷாயம் கிடைக்கும். மிஞ்சிய பஞ்சைப் பழத்துண்டு நீக்கி வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். வெளியே வைத்தது மறுநாள் நுரைத்து, நாக்கில் சுருக்கென்று இருந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் கையில் எடுக்குமுன் ஊற்றிவிடுங்கள்.